தீர்த்தன் ஆற்றில் ஒரு நாள்: டிரவுட் மீனும் 15 சதவீதமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், சிவில் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இந்த வருஷம் நீதான் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "மீன் பிடிக்கப் போன கதை சொல்றேன் சார்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஹைட்ரோ பவர்ல இருக்கே, அதைப் பத்திப் பேசக் கூடாதா?" என்று கேட்டார். "இரண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் இன்று கொஞ்சம் கவனமாகவே பேசுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஹிமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டத்தில். சண்டிகரிலிருந்து மணாலி போகிற ரோட்டில் அவுட் என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டதும் கிரிக்கெட் ஞாபகம்தான் வரும். அங்கே வலது பக்கம் பிரிந்தால் லார்ஜி. பியாஸ் ஆற்றில் அங்கே ஓர் அணை இருக்கிறது, 126 மெகாவாட். அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சைஞ்ச், தீர்த்தன் என்கிற இரண்டு ஆறுகளும் ஒன்று சேர்ந்து பியாஸில் விழுகின்றன. இரண்டும் அக்கா தங்கை மாதிரி பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடி வருகிறவை. சைஞ்ச் ஆற்றில் 520 மெகாவாட் பார்பதி மூன்றாம் நிலையும், அதற்கு மேலே 100 மெகாவாட் சைஞ்ச் திட்டமும் இருக்கின்றன. தீர்த்தனிலோ பெரிய அணை ஒன்று கூடக் கிடையாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் சைட்டில் ஒரு சர்வேயர் இருக்கிறார். பஞ்சார் பக்கத்து ஆள், ஐம்பது வயது தாண்டியவர். நான் அவரை "பாய்சாப்" என்பேன், அவர் என்னை "இன்ஜினியர் சாப்" என்பார். ஒரு ஏப்ரல் மாதம், சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "நாளைக்கு லீவுதானே, தூண்டில் போட வர்றீங்களா?" என்று கேட்டார். நான் காவிரி வாய்க்கால் கரையில் வளர்ந்தவன். மூங்கில் குச்சி, நரம்பு, மயிலிறகுத் தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு என்று கெண்டையும் கெளுத்தியும் பிடித்த அனுபவம் உண்டு. "எனக்குத் தெரியாத மீனா?" என்கிற தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

அங்கே வாய்க்கால் கரையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட முடியாது. முதலில் மீன்வளத்துறையிடம் உரிமச் சீட்டு வாங்க வேண்டும். நான் வாங்கியபோது ஒரு நாளைக்கு 100 ரூபாய். வலை கூடாது, தூண்டில் மட்டும்தான். குறிப்பிட்ட அளவுக்குச் சின்ன மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும். நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் டிரவுட் பிடிக்கவே தடை. அந்த நாலு மாதத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காலை ஆறு மணிக்குக் குஷைனி போய்ச் சேர்ந்தோம். 1,500 மீட்டருக்கு மேல் உயரம். பலாச்சன் என்கிற ஓடை தீர்த்தனோடு சேர்கிற இடம் அது. அங்கிருந்து மேலே போனால் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காடு. தீர்த்தன் பிறப்பதே அந்தக் காட்டுக்குள்தான். தண்ணீர் எப்படி இருந்தது என்கிறீர்கள்? நம் ஹாஸ்டல் மெஸ் சாம்பார் மாதிரி, அடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது! ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம். காலை வைத்தால் எலும்புக்குள் ஏறுகிற குளிர். பாய்சாப் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினார். 8 டிகிரி.

நான் உடனே தூண்டிலை வீசப் போனேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "முதல்ல ஆத்தைப் பாருங்க" என்றார். அரை மணி நேரம் பார்க்க வைத்தார். ஒரு காய்ந்த இலையை மேலே போட்டு, பத்து மீட்டர் போக எத்தனை விநாடி என்று எண்ணச் சொன்னார். நடு ஓட்டத்தில் ஐந்து விநாடி. ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போட்டால் இலை அங்கேயே சோம்பேறியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமான தண்ணீருக்கும் மெதுவான தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடு, பேனாவால் வரைந்த மாதிரி. "மீன் அங்கேதான் இருக்கும்" என்றார்.

காரணம் எளிமையானது. டிரவுட் மீன் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தால் சாப்பிட்டது அத்தனையும் நீச்சலுக்கே போய்விடும். அதனால் கல்லுக்குப் பின்னால், ஓட்டம் குறைந்த இடத்தில் நின்றுகொள்கிறது. பக்கத்தில் வேகமாகப் போகிற தண்ணீர் பூச்சிகளையும் புழுக்களையும் அடித்துக்கொண்டு வரும். ஒரே தாவு, கவ்விக்கொண்டு மறுபடி பழைய இடம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து வீசுகிற பொட்டலத்தை ரோட்டோரமாக நின்று பிடிக்கிற மாதிரி. மூன்றாம் செமஸ்டரில் 'வெலாசிட்டி டிஸ்ட்ரிபியூஷன்' என்று போர்டில் படம் போட்டு நமக்கு நடத்தினார்களே, அதே படம்தான். அந்த மீன் அரியர் வைக்காமல் பாஸ் பண்ணியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாய்சாப் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் சின்னச் சின்ன மணல் குழாய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பொடிக்கல்லையும் மணலையும் தன் எச்சில் பட்டால் ஒட்டி, ஒரு புழு கட்டிக்கொண்ட வீடு. சிமென்ட் இல்லாத கட்டுமானம்! இன்னொரு கல்லில் மூன்று வால் உள்ள தட்டைப் பூச்சிகள். இவைதான் டிரவுட்டின் சாப்பாடு. இந்தப் பூச்சிகளுக்குக் கல் சுத்தமாக இருக்க வேண்டும், கல்லிடுக்கில் சேறு அடையக் கூடாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். 20 டிகிரியைத் தாண்டினாலே பழுப்பு டிரவுட்டுக்குத் திண்டாட்டம். நம்ம ஊர் வாய்க்காலில் இந்த மீன் இல்லாததற்குக் காரணம் புரிகிறதல்லவா?

நம் மாநிலத்தில் டிரவுட் உள்ள இடம் நீலகிரி. குந்தாவிலும் அவலாஞ்சியிலும் வேலை பார்த்த சீனியர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வில்சன் என்கிற வெள்ளைக்காரர் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்தது வானவில் டிரவுட். குல்லுவில் பழுப்பு டிரவுட்தான் முதலில் வந்தது. 1900-ல் பிரிட்டனிலிருந்து கப்பலில் காஷ்மீருக்கு முட்டைகள் வந்தன. அங்கிருந்து 1909-ல் ஹோவெல் என்கிற அதிகாரி குல்லுவுக்குக் கொண்டுவந்தார். ஆக, இது அந்த மண்ணின் மீன் இல்லை. ஆற்றுக்குச் சொந்தக்கார மீன் வேறு இருக்கிறது. ஸ்னோ டிரவுட் என்று பெயர், ஆனால் நம்ம கெண்டை ஜாதி. வந்தவன் அதன் இடத்தையும் சாப்பாட்டையும் பங்கு போட்டுக்கொண்டான் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்து மணி வரைக்கும் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. பளபளவென்று சுற்றுகிற ஸ்பின்னர் தகட்டை வீசி வீசித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பாய்சாப்புக்கு அதற்குள் ஒன்று. என் நிழல் தண்ணீரில் விழுகிறது என்றார். மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்துத்தான் முகம் வைத்திருக்கும், அதனால் கீழேயிருந்து மேலே போக வேண்டுமாம். குனிந்து, முட்டி வரைக்கும் தண்ணீரில், கல் கல்லாகத் தடவி மேலே போனோம்.

பதினொன்றரை வாக்கில் பலாச்சன் ஓடையில், ஒரு சின்ன மடுவில் சுருக்கென்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பை எப்படிச் சொல்வது... கெளுத்தி முரண்டு பிடிக்கும், கெண்டை துள்ளும். இது ஓட்டத்தையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு குறுக்கே பாய்கிறது. ரீல் 'கிர்ர்' என்றது. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஒரு சாண் மீன். வெண்ணெய் மாதிரி மஞ்சள் வயிறு, பழுப்பு முதுகு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். அளவு போதாது. "கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க, உலர்ந்த கை பட்டா அது மேல இருக்கிற வழவழப்பு போயிடும்" என்றார் பாய்சாப். முள்ளை எடுத்து, ஓட்டத்துக்கு எதிராக முகத்தைக் காட்டிப் பிடித்திருந்தேன். இரண்டு மூச்சு வாங்கியது. பிறகு கையில் எதுவும் இல்லை. அன்றைக்கு என் மொத்த வசூல் அதுதான்!

மதியம் ஒரு வீட்டுத் திண்ணையில் சித்து சாப்பிட்டோம். ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டம், நெய் ஊற்றிக் கொடுப்பார்கள். நம்ம கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். சாப்பிட உட்காரும் முன் பாய்சாப் ஆற்றோரப் பாறை ஒன்றில் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். சர்வேயர் புத்தி. திரும்பி வந்து பார்த்தபோது கோடு தண்ணீருக்குள் இரண்டு விரல் முங்கியிருந்தது. சாயங்காலம் நாலரைக்கு ஒரு சாண். காலையில் வெயில் பட்டு மேலே உருகிய பனி, மெதுவாக இறங்கி வந்து சேருகிறது. ராத்திரி மறுபடி வடியும். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் இதே கதை. பூச்சியும் மீனும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொண்டவை, ஏனென்றால் அதற்கு அவகாசம் இருக்கிறது. ஒரு சாண் ஏற ஐந்து மணி நேரம்!

இனிமேல்தான் ஹைட்ரோ பவர். பயப்படாதீர்கள், பத்து நிமிஷம்தான்.

400 மீட்டர் ஹெட் உள்ள ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் டர்பைனுக்குள் போனால், 9.81 பெருக்கல் 400, 90 சதவீதத் திறன்... சுமார் 3,500 கிலோவாட். ஒரு மணி நேரத்தில் 3,500 யூனிட். யூனிட் நாலு ரூபாய் என்றால் மணிக்கு 14,000 ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்கு மேல். ஒரே ஒரு கியூமெக்! அதை டனலுக்குள் விடாமல் ஆற்றிலேயே விடு என்று ஒருவர் சொன்னால், தினமும் மூன்று லட்சத்தைத் தண்ணீரில் விடு என்று அர்த்தம். என் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அவரைத் தப்பு சொல்ல முடியாது. நம் வீட்டு ஃபேன் ஓடுவதும் இந்தத் தண்ணீரில்தான்.

ஆற்றை முழுக்க உறிஞ்சிவிடாமல் இருக்க ஹிமாச்சல அரசு ஒரு விதி வைத்திருக்கிறது. தண்ணீர் குறைந்த காலத்து வரத்தில் 15 சதவீதத்தை ஆற்றில் விட வேண்டும். 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், குறைந்த காலச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதம் நாட்டின் எல்லா ஆறுகளிலும் ஓட வேண்டும் என்றது. நல்ல விஷயம். ஆனால் 15 சதவீதத் தண்ணீர் என்றால் ஆழம் எவ்வளவு? மேனிங் சூத்திரத்தை எடுங்கள். அகலமான ஆற்றில் ஆழம், ஓட்டத்தின் 0.6 அடுக்குக்கு ஏற்ப மாறும். 0.15-க்கு 0.6 அடுக்கு போட்டால் 0.32. முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடிய தண்ணீர் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே வந்துவிடும். 40 சென்டிமீட்டர் நீள டிரவுட்டின் உடம்பு உயரமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். முதுகு வெளியே தெரிய நீந்த வேண்டியதுதான். பாறைக்குப் பின்னால் இருந்த அந்தக் கோடு, மடு, பூச்சிக்கல் எதுவும் பழையபடி இருக்காது.

அடுத்தது எப்போது என்கிற கேள்வி. அந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று சொன்னேனே, பழுப்பு டிரவுட் முட்டை இடுகிற காலம் அது. பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தோண்டிப் பள்ளம் செய்து, அதில் முட்டையிட்டுக் கல்லால் மூடிவிடும். முட்டை பொரிவதற்கு ஏறத்தாழ 400-க்கு மேல் 'டிகிரி-டே' வேண்டும். கான்கிரீட்டுக்கு 'மெச்சூரிட்டி' கணக்குப் போடுகிறோமே, அதே மாதிரி. 5 டிகிரித் தண்ணீரில் ஏறக்குறைய 85 நாள். அத்தனை நாளும் கல்லிடுக்கு வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதே நாலு மாதம்தான் ஆற்றில் தண்ணீர் ரொம்பக் குறைவு. மின்தேவையோ காலையிலும் சாயங்காலமும் உச்சம். அதனால் பகலெல்லாம் தண்ணீரைத் தேக்கி, பீக் ஹவரில் சில மணி நேரம் மட்டும் டர்பைனை ஓட்டுவார்கள். பவர் ஹவுஸுக்குக் கீழே ஆறு திடீரென்று பெருகும், திடீரென்று வற்றும். பெருகியிருக்கும்போது கரையோரம் தோண்டிய பள்ளம், வற்றும்போது வெளியே காய்ந்து கிடக்கும். நாள் முழுவதுக்கும் சராசரி எடுத்துப் பாருங்கள், விதி துல்லியமாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கும்!

மீனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தம்பி தங்கைகள் கொஞ்சம் கேளுங்கள். 2014 ஜூன் 8-ஆம் தேதி, லார்ஜி அணைக்குக் கீழே தலௌட் என்கிற இடம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவ மாணவியர் சுற்றுலா வந்தவர்கள், சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆற்றுப் பாறைகள் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கணுக்காலளவு. அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் நிமிஷக் கணக்கில் வந்து சேர்ந்தது. 24 மாணவர்களும், கூட வந்த ஒருவரும் போய்விட்டார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். 2016-ல் ஹிமாச்சல உயர் நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அன்றைக்குத் திறந்த தண்ணீர் அந்த ஆற்றுக்குப் பெரிய தண்ணீரே இல்லை. மழைக்காலத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு ஓடும். ஏறிய வேகம்தான் ஆளைக் கொன்றது. பாய்சாப் பாறையில் போட்ட சாக்பீஸ் கோட்டை நான் அதனால்தான் மறக்கவில்லை. மலைப் பிரதேசத்துக்கு டூர் போகிறவர்கள், ஆறு எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், மேலே அணை இருக்கிறதா என்று ஓட்டுநரிடமோ கடைக்காரரிடமோ கேட்காமல் இறங்காதீர்கள். சைரன் கேட்டால் செருப்பைக் கூடத் தேடாமல் மேலே ஓடுங்கள்.

தீர்த்தனில் அணை இல்லாததற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். அங்கேயும் வரிசையாகச் சிறு மின்திட்டங்கள் வருவதாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். திலாராம் ஷபாப் என்கிற முன்னாள் எம்.எல்.ஏ. முன்னால் நின்றார். கோர்ட் வரைக்கும் போனது. 2000-களின் நடுவில் அந்தத் திட்டங்கள் கைவிடப்பட்டன. அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, இது டிரவுட் ஆறு என்பது. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன், நூறு வருஷம் கழித்து அந்த ஆற்றுக்குச் சாட்சி சொல்லிக் காப்பாற்றியிருக்கிறது. சொந்தக்கார மீனுக்காக யாரும் கோர்ட் படி ஏறியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்!

"உங்க கம்பெனி இங்கே வந்திருந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று திரும்பி வரும் வழியில் பாய்சாப் கேட்டார். ஜீப் பஞ்சார் தாண்டும் வரை நான் யோசித்தேன். வேலை செய்வேன், ஆனால் மூன்று விஷயத்துக்கு மீட்டிங்கில் சண்டை போடுவேன் என்றேன். 15 சதவீதம் என்று வாளியில் அளக்காமல், அந்த ஆற்றின் குறுக்குவெட்டில் ஆழம் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து விட வேண்டும். டர்பைனை நிறுத்தும்போதும் ஓட்டும்போதும் மணிக்கு இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் மட்டம் மாறக் கூடாது என்று ஆபரேஷன் மேனுவலிலேயே எழுத வேண்டும். முட்டை கல்லுக்குள் இருக்கிற அந்த நாட்களில் பீக்கிங்கைக் குறைக்க வேண்டும். இதற்கு யூனிட் கணக்கில் நஷ்டம் வரும். எவ்வளவு என்று நான் போட்டுக் காட்டுவேன், மறைக்க மாட்டேன். அவர் சிரித்தார். "மீட்டிங்கை ஆத்தங்கரையில வையுங்க சாப், தண்ணிக்குள்ள நிக்க வச்சு. சீக்கிரம் ஒத்துக்குவாங்க" என்றார்.

அவர் பிடித்த இரண்டு மீனையும் அன்று ராத்திரி அவர் வீட்டில் சமைத்தார்கள். கடுகெண்ணெயில், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு. சதை லேசான ரோஸ் நிறம், முள் சுலபமாகப் பிரிந்து வருகிறது. அண்ணி, அவருடைய மனைவியைச் சொல்கிறேன், "உங்க ஊரில் எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டார்கள். புளி, மிளகாய், மண்சட்டி என்று நான் மீன்குழம்பு சொல்லச் சொல்ல, இவ்வளவு நல்ல மீனைப் போய் இப்படிக் கெடுக்கலாமா என்கிற மாதிரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கடைசியாக ஒன்று, இறுதியாண்டு சிவில் மாணவர்களுக்கு. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். நம் மாநிலத்திலேயே அணைக்குக் கீழே ஏதாவது ஓர் ஆற்றை எடுங்கள். அனுமதி வாங்கி, பாதுகாப்பான கரையில் அளவுகோல் நட்டு, ஒரு மாதம் மணிக்கு ஒரு தடவை நீர்மட்டம் எழுதுங்கள். தினசரிச் சராசரியையும் அந்த மணிக்கணக்குக் கோட்டையும் ஒரே கிராஃபில் போடுங்கள். அந்த கிராஃபை எனக்கு அனுப்பினால் கூட உட்கார்ந்து பார்க்கத் தயார். சங்க அலுவலகத்தில் என் முகவரி இருக்கிறது. தூண்டில் போடுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் மட்டும் என்னைக் கேட்காதீர்கள், என் வசூல் என்னவென்று சொல்லிவிட்டேன்.